பாண்டியில் போட்ட ஐந்தாவது ஊசி

1

இந்த வாரம் பதினோராவது ஊசி போட்டுக்கொண்டேன். கொரோனா ஊசிதான். இன்னுமா அதைப் போடுகிறார்கள் என்று ஊரில் கேட்பீர்கள். எல்லோருக்கும் போடுவதில்லை. என்னைப் போன்றவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போடுகிறார்கள்.

பாரிசுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை. இங்கே மருந்துக்கடைக்காரரே ஊசி போடலாம். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்து, "மதாம், இது உங்களுக்குப் பத்தாவது" என்றார். பதினோராவது என்றேன். மறுபடி பார்த்தார். பத்துதான் என்றார்.

"ஒன்று உங்கள் மிஷினில் இல்லை. பாண்டிச்சேரியில் போட்டது."

"சீட்டு இருக்கிறதா?"

"இருக்கிறது. வீட்டில். பைபிளுக்குள்."

அவர் சிரித்துவிட்டு ஊசியைப் போட்டார்.

அந்த ஒரு ஊசியைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பாண்டிச்சேரிப் பக்கம் அரியாங்குப்பத்தில் எட்டாவது வரை படித்தேன். அப்பாவுக்கு மில்லில் வேலை. கல்யாணம் ஆகி இங்கே வந்து முப்பத்து மூன்று வருஷம். ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் தட்டு கழுவினேன். உடம்பு கெடும் வரை அந்த வேலைதான்.

2

என் உடம்பில் வேலை செய்யும் கிட்னி என்னுடையது இல்லை. என் வீட்டுக்காரருடையது. பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

முதலில் என் இரண்டு கிட்னியும் போயின. வாரத்துக்கு மூன்று நாள் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். இரண்டு வருஷம் அப்படி. அதற்காக இடது கையில் இரண்டு ரத்தக்குழாயை ஒன்றாக இணைத்தார்கள். அந்த இடம் கயிறு மாதிரி புடைத்து நிற்கும். இன்றைக்கும் நிற்கிறது.

பிறகு அவர் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். பெரிய பேச்சு எதுவும் நடக்கவில்லை. பொருந்துகிறது என்று டாக்டர் சொன்ன அன்று சாயந்திரம், "அப்போ குடுத்துடலாம்" என்றார். சாப்பிட உட்கார்ந்தார்.

ஊருக்குச் சொல்லவில்லை. அவர் வீட்டுக்கு ஒரே பையன். அவருக்கு மேலே ஒரு அக்கா, பிலோமின். கல்யாணம் செய்துகொள்ளாமல் பாண்டியில் குருசுக்குப்பத்து வீட்டில் அம்மாவோடேயே இருந்தவர். மாமியாருக்கு மகன் என்றால் உயிர். அவன் உடம்பை அறுத்து மருமகளுக்கு வைத்தார்கள் என்று கேட்டால் அந்தம்மா தாங்கமாட்டார். "அம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றார் என் வீட்டுக்காரர். அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்றால் அக்காவுக்கும் தெரியக்கூடாது. என் வீட்டுக்காரருக்கு ஹெர்னியா ஆபரேஷன் என்று போனில் சொன்னோம். எனக்கு சுகர் என்று சொன்னோம். நம் ஊரில் சுகர் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள். எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

அந்தப் பொய் நன்றாக ஓடியது. ஊருக்குப் போகும்போதெல்லாம் பிலோமின் அக்கா எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாத காபி கொடுப்பார். எனக்கு இரண்டு கரண்டி வேண்டும். பேசாமல் குடித்தேன். புறப்படும்போது சுகருக்கு என்று சிறுகுறிஞ்சான் பொடி கட்டிக் கொடுப்பார். அதை நான் தொடக்கூடாது. கிட்னி மாத்திரையோடு நாட்டு மருந்து எதுவும் சேரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாங்கிக்கொண்டு வந்து இங்கே குப்பையில் போடுவேன்.

"பொடி வேல செய்யுதாடி?" என்று போனில் கேட்பார்.

"செய்யுது அக்கா."

கையை மறைக்க முழுக்கை ஜாக்கெட் போடுவேன். அந்த வெயிலில் அதைப் பார்த்துவிட்டு, "பிரான்சு நாகரிகம் தாங்கலடி" என்பார்.

3

வேறு ஒருவருடைய கிட்னியை உடம்பு எதிரி என்று நினைக்கும். அதை விரட்டப் பார்க்கும். விரட்டாமல் இருக்கக் காலை எட்டு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் மாத்திரை. அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடக்கி வைக்கும். அதனால் கொரோனா வந்ததும் கிட்னி டாக்டர் போன் செய்தார். வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்றார். வரவில்லை. எனக்குச் சொன்னதைச் செய்வதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.

ஊசி வந்ததும் எங்களைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். மகள் நதாலி போனில் இடம் பிடித்துக் கொடுத்தாள். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் பிரெஞ்சில்தான் வரும். கூட வந்தவளை உள்ளே விடவில்லை. தனியாக உள்ளே போனேன். டாக்டர் வரிசையாகக் கேள்வி கேட்டார். முகக்கவசத்துக்குள்ளிருந்து பிரெஞ்சு பேசினால் எனக்குப் பாதிதான் புரியும். புரியாவிட்டால் 'வீ' என்பேன். ஆமாம் என்று அர்த்தம். இத்தனை வருஷமும் அதை வைத்துத்தான் ஓட்டியிருக்கிறேன். ஒரு கேள்விக்கு 'வீ' என்றதும் டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயசு.

நதாலியிடம் சொன்னேன். பஸ்ஸில் வீடு வரைக்கும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அப்புறம் வேலை மாறி லியோனுக்குப் போய்விட்டாள். மகன் அதற்கு முன்னாலேயே வேலைக்கு வேறு ஊர் போய்விட்டான். இப்போது ஊசிக்கு நானே இடம் பிடிக்கிறேன்.

மூன்று ஊசி போட்டும் என் ரத்தத்தில் ஒன்றும் ஏறவில்லை என்று பரிசோதனையில் வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அப்படித்தான் என்றார்கள். அந்த ஆகஸ்டில் ஊரில் மாமியார் இறந்தார். கொரோனா இல்லை. வயசு.

விமானம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மாமியார் வீட்டுத் தெருவுக்கே அந்த மாதம் பிரான்சிலிருந்து இரண்டு பேர் வந்து போனார்கள். என் வீட்டுக்காரர் பெட்டியை இறக்கிக் கட்டில்மேல் வைத்தார். கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு மறுபடி மேலே ஏற்றி வைத்தார். போய் நோயோடு திரும்பினால் யாருக்கு ஆபத்து என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஊருக்குத் தெரியாது.

அக்கா போனில் கேட்டார். "பெத்தவ சாவுக்கு வராம அங்க உனக்கு என்னாடா வேல?"

"ரெஜினாவுக்கு ஒடம்பு முடியல அக்கா."

"சுகரு இல்லாத வூடு எங்கடா இருக்குது?"

வைத்துவிட்டார். தம்பியிடம் அப்புறம் ஒன்றிரண்டு வார்த்தை பேசினார். என்னோடு பேசவில்லை. ஒரு வருஷம்.

4

அடுத்த ஆகஸ்டில் மாமியாருக்கு வருஷ பூசை. போவது என்று முடிவு செய்தோம். மாதா கோயிலில் பூசை, பிறகு மண்டபத்தில் சாப்பாடு, இருநூறு பேர். மகனும் மருமகளும் முன்வரிசையில் நிற்கவேண்டும். நான் நிற்காவிட்டால் அவரும் நிற்கமாட்டார், எனக்குத் தெரியும். சாவுக்கும் வரவில்லை, பூசைக்கும் நிற்கவில்லை என்றால் அக்கா தம்பியைத் தலைமுழுகிவிடுவார். அவருக்கு ஊரில் இருக்கிற ஒரே ஆள் அக்காதான்.

கிட்னி டாக்டரிடம் கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணினார். நாலாவது ஊசியில்தான் கொஞ்சம் ஏறியது, அதன் பலம் குறைகிற நேரம் இது. ஐந்தாவதுக்கு நாள் வரும்போது நீங்கள் இந்தியாவில் இருப்பீர்கள். அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். போட்டு இரண்டு வாரம் கழித்துக் கூட்டத்துக்குப் போகலாம். போடாவிட்டால் போகக்கூடாது என்றார்.

ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். பிரெஞ்சில். அங்கே டாக்டரைத் தனியாகப் பார்த்துக் காட்டலாம் என்று கைப்பையில் வைத்தேன்.

குருசுக்குப்பத்து வீட்டில் இறங்கினோம். அக்கா தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். என் பக்கம் திரும்பவில்லை. காபி மட்டும் வந்தது. சர்க்கரை இல்லாமல், சத்தம் இல்லாமல் எனக்கு எதிரே வைக்கப்பட்டது.

பூசைக்குப் பதினாறு நாள் இருந்தது. காலையில் என் வீட்டுக்காரர் பூசை வைக்கிற சாமியாரைப் பார்க்கப் போயிருந்தார். நான் செருப்பை மாட்டினேன். "ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட்டுக்கினு வந்துடறேன்" என்று பொதுவாகச் சொன்னேன்.

ஒரு வருஷத்துக்கு அப்புறம் அக்கா என்னோடு பேசிய முதல் பேச்சு: "தனியா போவாத. அங்க எல்லாம் மாறிப்போச்சி. நானும் வரேன்."

வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் அகப்படவில்லை.

5

இங்கே மருந்துக்கடையில் ஊசி போட்ட பிறகு கால் மணி நேரம் நாற்காலியில் உட்காரவைக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் ஒருவர் இருந்தால் அவர் போனைப் பார்ப்பார். நான் அலமாரியில் இருக்கும் சோப்பைப் பார்ப்பேன். எழுந்து போகும்போது ஒரு வணக்கம். யாருக்கு என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது. நல்லதுதான். ஆனால் அன்றைக்கு நான் இப்படி ஒரு இடத்தில் இருந்திருந்தால் என் பொய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

6

அது சின்ன ஆஸ்பத்திரி. ஊசி போட வராண்டாவில் வரிசை, பத்துப் பேர். மேசையில் ஒரு நர்சு, பக்கத்தில் டாக்டரம்மா. சின்ன வயசு. பேச்சில் திண்டிவனம் பக்கம் என்று தெரிந்தது.

"ஆதார் குடும்மா."

"பாஸ்போர்ட்டுதான் இருக்குது."

நர்சு கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். "இதுல ஒண்ணுமே காட்டலியே. ஒரு ஊசிகூட போடாதவங்கன்னு வருது."

"அங்க நாலு போட்டாச்சி."

"நாலா!" அவள் வரிசையைப் பார்த்துச் சொன்னாள். "இங்க ரெண்டாவதுக்கே வூடு வூடா போயி கெஞ்சறோம். இவங்க அஞ்சாவதுக்கு வந்து நிக்கறாங்க."

வரிசையில் சிரித்தார்கள். "எனக்கு வேண்டியத அவங்களுக்கே போட்டுடு தாயி" என்றார் ஒருவர்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஏம்மா இவ்ளோ அவசரம்? உங்க ஊருக்குத் திரும்பிப் போயி அதே ஊசியப் போட்டுக்கலாமே. எதுக்குக் கலக்கணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "சுகரு டாக்டர். ரொம்ப வருஷமா. நான் குடுக்கற பொடியிலதான் நிக்கிது."

"சுகருக்கு அஞ்சாவதெல்லாம் தேவையில்லம்மா. இந்த வரிசையில பாதிப் பேருக்கு சுகர்."

"எனக்கு முந்நூறு" என்று பின்னால் ஒரு குரல் பெருமையாகச் சொன்னது.

நான் கைப்பையைத் திறந்து கடிதத்தை நீட்டினேன். டாக்டரம்மா பிரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "பிரெஞ்சா? எனக்குத் தெரியாதேம்மா. என்னா எழுதியிருக்கு?"

வேறு ஊராக இருந்தால் அந்தக் கடிதம் அங்கேயே ஊமையாகியிருக்கும். பாண்டியில் ஆகாது. வரிசையில் மூன்றாவதாக நின்ற தொப்பிக்காரப் பெரியவர் கையை நீட்டினார். "இப்படிக் குடு டாக்டரு. நான் படிக்கிறேன்." சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அக்காவுக்கு அவரைத் தெரியும். ஒரே கோயில். "நல்லா படிங்க முசியே" என்று அக்காவே சொன்னார். முசியே என்றால் ஐயா.

அவர் கண்ணாடியை மாட்டினார். பட்டாளத்தில் ஆர்டர் படிக்கிற மாதிரி சத்தமாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார். "மரியாதைக்குரிய டாக்டருக்கு. மதாம் ரெஜினா, வயசு ஐம்பத்தேழு. இவங்களுக்கு..."

நிறுத்தினார். கண் மட்டும் கீழே போனது. கடைசி வரிவரை படித்தார். என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்தார். பிறகு மெதுவாக, பிரெஞ்சில், என்னிடம் மட்டும் கேட்டார். மிச்சத்தையும் படிக்கட்டுமா மதாம்?

புரிந்தது. அதனால் 'வீ' சொல்லவில்லை.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஊசி கிடைக்காது. பூசையில் நிற்கமுடியாது. எனக்குச் சுகர் என்றே இருந்துவிடும். அதை நினைத்தேன். ரொம்ப நேரம் நினைக்கவில்லை.

"வேணாம் முசியே. நானே சொல்றேன்." டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னேன். "எனக்கு சுகர் இல்ல. எப்பவும் இருந்ததில்ல. கிட்னி மாத்தியிருக்குது. ஒம்பது வருஷம் ஆச்சி. என் வூட்டுக்காரரு குடுத்தது."

 

"இத மொதல்லியே சொல்லியிருக்கலாம்லம்மா" என்றார் டாக்டரம்மா. எழுந்துவிட்டார். "உள்ள வாங்க. இவங்கள வரிசையில நிக்கவெக்காதீங்க. அங்க போட்டது எங்ககிட்ட இல்ல. இருக்கறதப் போடட்டுமா?"

"போடுங்க."

நர்சு இடது கையைப் பிடித்தாள். "அந்தக் கை வேணாம்மா" என்று ஜாக்கெட் கையை மேலே ஏற்றிக் காட்டினேன். புடைத்திருந்ததைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள். பின்னாலேயே வந்திருந்த அக்கா கிட்டே வந்தார். ஒரு விரலை அதன்மேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"உள்ளாற வண்டு ஓடுது" என்றார்.

"ரத்தம் அக்கா."

வலது கையில் ஊசி போட்டார்கள். ஒரு சீட்டில் டாக்டரம்மா கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

7

அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அக்கா ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்.

"எந்தப் பக்கத்துது?"

"எடது."

"அப்ப அவனுக்கு ஒண்ணுதான் இருக்குதா?"

"ஆமா அக்கா. நல்லா இருக்காரு. வருஷா வருஷம் பாக்கறாங்க."

"ஹெர்னியான்னிங்க."

"சொன்னோம்."

"அந்த ஹெர்னியாவுக்குத்தான்டி நேந்துக்கினு வில்லியனூர் மாதா கோயில் வரிக்கும் வெறுங்காலோட நடந்தேன். கிட்னின்னு சொல்லியிருந்தா வேளாங்கண்ணிக்கே நடந்திருப்பேன்."

சிரிக்கலாமா என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பொடிய என்னா பண்ண?"

"குப்பையில போட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"நெழல்ல காயவெச்சி, சலிச்சி..." பாதியில் விட்டுவிட்டார்.  "அம்மா சாவுக்கு அவன் வராதது இதுக்குத்தானா?"

"இதுக்குத்தான். பொட்டிய எடுத்து வெச்சாரு அக்கா. நான் போவாதன்னு சொல்லல. போன்னும் சொல்லல."

அது நிஜம். அவர் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க நான் வாசலில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கு உயிரோடு இருக்கவேண்டும் என்று இருந்தது. அதை அன்றைக்கு வரை யாரிடமும் சொன்னதில்லை.

"ஒரு வருஷமா" என்றார் அக்கா, "காலையில பூசைக்குப் போறப்பல்லாம் மொதல்ல உன்ன திட்டிட்டுத்தான் கும்புடுவேன்."

"பரவாயில்ல அக்கா."

"பரவாயில்லன்னு நீ சொல்லாத." எழுந்தார். "நேரம் ஆச்சா?"

"இன்னும் பத்து நிமிஷம்."

மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை இடம் விடவில்லை.

வீட்டுக்குப் போனபோது என் வீட்டுக்காரர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எழுந்திரு. சட்டையத் தூக்கு" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். தூக்கினார்.

இடுப்புக்கு மேலே தழும்பு இருக்கிறது. அக்கா அதைப் பார்த்தார். "ஹெர்னியாவுக்கு இங்கியாடா வெட்டுவாங்க?" முதுகில் ஓங்கி ஒரு அடி விழுந்தது. பிறகு அடித்த கையைத் தழும்பின்மேல் வைத்தார். எடுக்கவில்லை. அறுபது வயசு ஆம்பளை, சட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

8

அன்று சாயந்திரம் லேசாகக் காய்ச்சல் அடித்தது. மறுநாள் கை கனத்தது. மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. அதற்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லை. ஊரில் என்னைப் போல யாராவது பயந்துகொண்டிருந்தால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன். டாக்டரைக் கேளுங்கள். உள்ள நோயின் பேரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஊசி போட்டுப் பதினாறாம் நாள், வருஷ பூசையில் முகக்கவசம் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். பக்கத்தில் அவர். அவருக்குப் பக்கத்தில் அக்கா.

மண்டபத்தில் அக்கா எனக்கு இடம் பார்த்து வைத்திருந்தார். பக்கவாசல் ஓரம், காற்று வருகிற இடம், தனி நாற்காலி, தனி மேசை. குறுக்கே ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு அதன் பக்கத்திலேயே காவல் நின்றார். பிரான்சிலிருந்து வந்தவர்களைக் கண்டால் எங்கள் ஜனம் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுக்க வரும். அது ஒரு பழக்கம். அன்றைக்கும் கையை விரித்துக்கொண்டு வந்தார்கள்.

"அங்கியே நில்லுங்க" என்றார் அக்கா. "கையெடுத்துக் கும்புட்டா போதும்."

மாமியார் வழியில் தூரத்துச் சொந்தக்காரம்மா ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. "இன்னாடி பிலோமின், அவ்ளோ பெரிய மகராணியா உங்க ரெஜினா? கிட்ட போவக்கூடாதா? சுகரு என்னா தொத்து நோவா?"

அக்கா குரலைக் குறைக்கவில்லை. இருநூறு பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சுகரு இல்ல சித்தி. எங்க தம்பி கிட்னி அவ உள்ளாற இருக்குது. எங்க அம்மா பெத்தது. அது மேல வந்து யாரும் தும்ம வேணாம்."

 பரிமாறிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாளியைக் கீழே வைத்தார். அந்தச் சித்திதான் முதலில் கையைக் குவித்தார், நின்ற இடத்திலிருந்தே. அப்புறம் வந்தவர்கள் எல்லாம் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் நின்று ஒவ்வொருவராகக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். என்னைக் கும்பிட்டார்களா, மாமியாரைக் கும்பிட்டார்களா, தெரியாது. நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.